ஆழ்பனியில் ஸ்னோ பைக்: ரேடியேட்டருக்கு எந்தக் காப்பு?

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒற்றை ஸ்கையையும் (பனிச்சறுக்குப் பலகை), பின்சக்கரம் இருந்த இடத்தில் ரப்பர்ப் பட்டை சுழலும் சட்டத்தையும் பொருத்தினால், 450 சிசி மோட்டோகிராஸ் பைக் ஒன்று ஸ்னோ பைக்காக மாறிவிடுகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாண்ட்பாயின்ட் என்ற ஊரில் இத்தகைய மாற்றுக் கிட்களைச் செய்துவந்த டிம்பர்ஸ்லெட் நிறுவனத்தை, வாகனங்கள் தயாரிக்கும் போலாரிஸ் நிறுவனம் 2015இல் வாங்கியது. 2017இல் ஆஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டிகளில் ஸ்னோ பைக் பந்தயமும் சேர்க்கப்பட்டது. இன்று ஐடஹோ, மொன்டானா மலைகளிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் நகரைச் சூழ்ந்த சரிவுகள்வரை இந்த வண்டிகளைக் காணலாம். ஆனால் மாறியவை சக்கரங்கள் மட்டுமே. எஞ்சினும், அதன் முன்னால் சட்டகத்தின் இருபுறமும் நின்று அதைக் குளிர்விக்கும் இரண்டு சிறிய அலுமினிய ரேடியேட்டர்களும், கோடைக்காலத்துப் புழுதிப் பாதைக்கென்று வடிவமைக்கப்பட்டவை.

ஆகவே கிட்டை வாங்கிப் பொருத்தியவர் அடுத்ததாக ரேடியேட்டரைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. கடையில் அலுமினியக் காப்புச் சட்டம், நியோபிரீன் உறை, நுண்வலை, தெர்மோஸ்டாட், மின்விசிறி, உயர் அழுத்த மூடி என்று பல பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ரேடியேட்டரைக் காப்பதாகவே விற்கப்படுகிறது. எதிலிருந்து காக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கினால், ஒரு தொல்லையை நீக்கப் போட்ட பொருள் இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்துவிடும். ரேடியேட்டர் வளையாமல் இருக்க வேண்டும். வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் அதன் மெல்லிய உலோக இதழ்களில் பனி அடைக்காமல் இருக்க வேண்டும். எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகவும் கூடாது, அளவுக்குக் கீழே குளிரவும் கூடாது. இந்த வேலைகளைத் தனித்தனிப் பொருள்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும், ஒரே பொருளிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்ப்பதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் என்பதும் என் உறுதியான கருத்து.

பனிக்குள் எஞ்சின் எப்படிச் சூடாகிறது

சுற்றிலும் பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகைக் குளிர் இருக்கும்போது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கொதிக்கிறது என்றால் முதலில் நம்ப முடியாது. பனியில் ஓடுவதற்கென்றே செய்யப்படும் பட்டை வண்டியான ஸ்னோமொபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பெரும்பாலான ஸ்னோமொபைல்களில், பட்டை சுழலும் கூண்டின் உட்கூரையிலேயே வெப்பமாற்றிகள் அமைந்திருக்கும். பட்டை வாரியடிக்கும் பனி அவற்றின்மேல் பட்டு உருகி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். அதனால் ஸ்னோமொபைலுக்கு ஆழ்பனி துணை. இறுகிய பனிக்கட்டிப் பாதையில்தான் அது சூடாகிறது. ஸ்னோ பைக்கோ முன்னிருந்து வரும் காற்றை நம்பியிருக்கிறது. ஆழ்பனியில் செங்குத்தான சரிவை ஏறும்போது, எஞ்சின் முழுத் திராட்டிலில் உழைத்தாலும் வண்டி மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். அதாவது, வெப்பம் மிகுதியாக உண்டாகும் அதே நேரத்தில் காற்றோட்டம் மிகக் குறைவாக இருக்கிறது.

அந்த நிலையிலும் முதலில் வந்து படும் பனி நன்மையே செய்கிறது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எஞ்சின் தன் கூலன்ட்டுக்குள் 20 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளுவதாக வைத்துக்கொண்டால், அதை முழுவதும் உறிஞ்ச நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பனி உருகினால் போதும். பொடிப்பனி புதிதுபுதிதாக வந்து மோதிக்கொண்டிருக்கும்வரை எஞ்சின் சூடாவதில்லை. மாறாக, தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. வந்த பனி நகராமல் தங்கிவிடும்போதுதான் நிலைமை மாறுகிறது. இதழ்களை ஒட்டிய பகுதி உருகிப்போக, அதற்கு வெளியே இருப்பது மீண்டும் உறைந்து ஓடாக இறுகுகிறது. இரண்டுக்கும் நடுவே அசையாத காற்று அடைபட்டுக்கொள்கிறது. பனி நல்ல வெப்பக் காப்புப் பொருள். வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள் பனிக்குடிலுக்குள் உடற்சூட்டைக் காத்துக்கொண்டதும் இந்த இயல்பை வைத்துத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் அப்படியொரு குடில் உருவாகிவிட்டால், வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தக் குளிர் உள்ளே எட்டாது.

மறுபக்கமும் இதே அளவுக்கு முக்கியமானது. மோட்டோகிராஸ் பைக்குகளில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இருப்பதில்லை. நீரேற்றி சுழலும் நேரமெல்லாம் கூலன்ட் ரேடியேட்டர் வழியாகவே சென்று வருகிறது. கடும் குளிரில் நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது அது 50 பாகைக்கும் கீழே போகலாம். அந்தக் குளிரில் ஆவியாகாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. எரிபொருள் எரிந்து உண்டான நீராவியும் எண்ணெய்த் தொட்டியில் நீராகப் படிகிறது. எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். ஒரு லிட்டரை ஒட்டிய அளவே எண்ணெய் கொள்ளும் எஞ்சினுக்கு இது சிறிய கேடு அல்ல. கொதித்தால் நீராவி சீறி எச்சரிக்கிறது. குளிர்ச்சியால் வரும் தேய்மானம் ஓசையின்றி நடந்து, பருவத்தின் முடிவில் எஞ்சினைப் பிரிக்கும்போதுதான் தெரியவருகிறது.

இதனால்தான், வேறெதையும் வாங்குவதற்கு முன் கூலன்ட் வெப்பமானியை வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். குழாயின் நடுவே உணரியைப் பொருத்தி, கைப்பிடியருகே எண்ணைக் காட்டும் எளிய கருவி போதும். உணரி எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் வைத்தால் ஆறிய கூலன்ட்டின் வெப்பத்தையே அது காட்டும். ஓட்டத்தின்போது 80 முதல் 95 பாகைக்குள் எண் நின்றால் கவலை வேண்டாம். அந்த எண்ணைப் பார்க்காமல் ரேடியேட்டரை மூடுவதும் திறப்பதும் வெறும் ஊகம்தான்.

உலோகக் காப்பு

ஆழ்பனி மென்மையானது, விழுந்தாலும் ரேடியேட்டருக்கு என்ன ஆகிவிடும் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. கிட் பொருத்திய வண்டி ஏறத்தாழ 150 கிலோ எடை கொண்டது. அது பக்கவாட்டில் சாயும்போது பனிக்கு அடியில் மறைந்திருக்கும் மரத்தின் அடிக்கட்டையோ பாறையோ ரேடியேட்டரின் வெளிவிளிம்பை உள்நோக்கித் தள்ளினால், மெல்லிய அலுமினியம் தாங்காது. எதுவும் மோதாதபோதும், வேகமாகச் சென்று பனித்திட்டில் புகும் வண்டியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மடல்கள் பனியை ஏர்போல் வாரி, அந்த அழுத்தம் முழுவதையும் ரேடியேட்டரின்மேல் பின்னோக்கிச் செலுத்துகின்றன. முன்னிருக்கும் பிளாஸ்டிக் தடுப்புப் பட்டைகள் குளிரில் விறைத்து எளிதில் உடைந்துவிடும். ஆகவே அப்படியே விட்டுவிடலாம் என்ற தெரிவை, மரங்கள் அடர்ந்த சரிவுகளில் ஓட்டுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்புச் சட்டத்தின் விலை பெரும்பாலும் ஒரு புதிய ரேடியேட்டரின் விலையைவிடக் குறைவு. அதைவிட முக்கியமாக, ரேடியேட்டர் உடையும் இடம் சாலையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், பனிச்சரிவு அபாயமுள்ள பள்ளத்தாக்காக இருக்கக்கூடும்.

உலோகக் காப்பில் இரண்டு வகைகள் உண்டு. முன்பக்கம் முழுவதையும் குறுக்குக் கம்பிகளால் மறைத்து ரேடியேட்டரைக் கூண்டுபோல் சூழ்வது ஒன்று. வெளிவிளிம்பையும் பின்பக்கத்தையும் மட்டும் தாங்கி, விசையை வண்டியின் சட்டகத்துக்குக் கடத்துவது மற்றொன்று. கல் தெறிக்கும் புழுதிப் பாதையில் முதல் வகைக்கு மதிப்பு உண்டு. பனியிலோ அந்தக் குறுக்குக் கம்பிகளின் இடைவெளிகள்தான் பனி பற்றிக்கொள்ளும் முதல் இடம். பற்றிய பனி உருகி உறைய, கூண்டின் முகம் முழுவதும் ஓடு கட்டிவிடுகிறது. ஸ்னோ பைக்குக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதிலும் பார்க்க வேண்டிய இடம், சட்டம் எங்கே பிடித்து நிற்கிறது என்பது. ரேடியேட்டரின் சொந்தத் திருகுக் காதுகளில் மட்டும் மாட்டப்படும் சட்டம், அடி விழும்போது அந்தக் காதுகளையே பிய்த்துவிடக்கூடும். தாங்குவதற்கு வைத்த பொருளே நெம்புகோலாகிவிடும். ஒரு முனையாவது வண்டியின் சட்டகத்தில் போல்ட்டால் இறுக வேண்டும். ரேடியேட்டர் அமரும் ரப்பர் வளையங்கள் நசுங்கிப்போகாமல் சற்றே அசைய இடம் இருக்க வேண்டும். பொருத்தியபின் கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பி, முன் ஃபோர்க் சட்டத்தில் உரசுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

உறையா, வலையா

பனி இதழ்களில் அடைக்காமல் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன: காற்றையும் சேர்த்துத் தடுக்கும் உறை, காற்றை மட்டும் விடும் வலை. சொல்லிப் பார்த்தால் வலைதான் மேலானதாகத் தோன்றும். பொடிப்பனி உலர்ந்திருக்கும் இடத்தில், குறிப்பாக வயோமிங், யூட்டா மாநிலங்களின் உயர்ந்த மலைகளில் விழும் மெல்லிய பனியில், நுண்வலை நன்றாகவே வேலை செய்கிறது. தட்டினால் பனி உதிர்ந்துவிடும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் விழும் கனத்த ஈரப்பனியை அங்குள்ளோர் சிமென்ட் என்றே அழைக்கிறார்கள். அத்தகைய பனியில் வலை ஒருமுறை நனைந்து உறைந்துவிட்டால் அது வலையாக இருப்பதில்லை, பனிக்கட்டித் தகடாகிவிடுகிறது. அப்போது அது உறையைவிடவும் கேடானது. ஏனென்றால் உறை போட்டவருக்குத் தன் ரேடியேட்டர் மூடியிருப்பது தெரியும், வலை போட்டவரோ திறந்திருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

உறைகளில் நியோபிரீன் துணி, நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டை, ஒட்டுநாடா ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. ஈரக் குளிரில் ஒட்டுநாடா உரிந்துபோகும். பஞ்சு போன்ற நுரைப்பொருள் நீரை உறிஞ்சி உறைந்துவிடும். கையுறையோடு பிடித்துக் கழற்றக்கூடிய பொத்தான்களோ பட்டிகளோ உள்ள நியோபிரீன் உறைக்கே என் வாக்கு. அதைக் கழற்ற முடிவதுதான் அதன் முதன்மைத் தகுதி. காலையில் வண்டிகளால் இறுகிய பாதையில் வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்று எஞ்சினைக் குளிரவைக்கும். அப்போது உறை வேண்டும். நண்பகலில் மரங்களுக்கிடையே மெதுவாக ஏறும்போது அதே உறை எஞ்சினைக் கொதிக்கவைக்கும். ஒரு ரேடியேட்டரை மட்டும் மூடி, மற்றதைத் திறந்து வைப்பது பலரும் கையாளும் நடுவழி. அதில் குறை என்னவென்றால், திறந்திருக்கும் ஒன்றில் பனி அடைத்துவிட்டால் இரண்டும் மூடியதற்குச் சமமாகிவிடுகிறது.

உறையை வைத்துக்கொண்டு எஞ்சினின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முயல்வது, சன்னல் திரையை இழுத்தும் விட்டும் அடுப்பின் தீயைச் சீராக்குவதைப் போன்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியை நிறுத்த வேண்டும். ஆழ்பனியில் ஏற்றத்தின் நடுவே நிறுத்தினால் மறுபடி புறப்படுவது எளிதல்ல. வெப்பத்தைக் காக்கும் வேலையை உறையிடமிருந்து எடுத்து, அதற்கென்றே பிறந்த பொருளிடம் கொடுக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்

அந்தப் பொருள் தெர்மோஸ்டாட். மெழுகு அடைத்த சிறு உருளை ஒன்று, வகைக்கேற்ப ஏறத்தாழ 70 அல்லது 82 பாகையில் விரிந்து வழியைத் திறக்கிறது. ஆறினால் சுருங்கி மூடுகிறது. பைக்கின் குழாய்களுக்கு இடையே பொருத்தும் தொகுப்புகளாக இவை கிடைக்கின்றன. ஆனால் இவற்றிலும் இரண்டு வகைகள் உண்டு. வேறுபாடு தெரியாமல் வாங்கக் கூடாது.

குழாயின் நடுவே வெறும் அடைப்பாக நிற்கும் வகை மலிவானது. அது மூடியிருக்கும்போது எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட் ஏறத்தாழ நகராமல் நிற்கிறது. வெப்பம் ஓரிடத்தில் ஏறி, இன்னோரிடத்தில் ஏறாமல் இருக்கும். திறந்த நொடியில் ரேடியேட்டரில் உறைநிலைக்குக் கீழே கிடந்த கூலன்ட் சூடான சிலிண்டருக்குள் பாய்கிறது. உடனே தெர்மோஸ்டாட் மறுபடி மூடிக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்கம் நாள் முழுவதும் தொடர்வது சிலிண்டர் தலைக்கும் கேஸ்கட்டுக்கும் நல்லதல்ல. மாற்றுவழி உள்ள வகையில், தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் கூலன்ட் ஒரு குறுகிய சுற்றில் எஞ்சினுக்கும் நீரேற்றிக்கும் இடையே ஓடிக்கொண்டேயிருக்கும். குளிர்ந்த கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கப்படும். விலையும் குழாய் வேலையும் கூடுதல் என்றாலும் இரண்டாம் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் போதவில்லையென்றால் மின்விசிறியையும் உயர் அழுத்த மூடியையும் விட்டுவிட்டு இதை வாங்கலாம்.

தெர்மோஸ்டாட் பொருத்தியவர் கூலன்ட் கலவையில் முன்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் ரேடியேட்டருக்குள் இருப்பது வெளிக்குளிருக்கே இறங்கிவிடும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாக உள்ள கலவை ஏறக்குறைய −37 பாகைவரை உறையாது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று கோடையில் நீரை மிகுதியாகக் கலந்து வைத்தவர் அதே கலவையோடு மலைக்குப் போனால், ரேடியேட்டருக்குள் கூலன்ட் சேறுபோல் இறுகிவிடும். தெர்மோஸ்டாட் திறந்தாலும் அது நகராது. உள்ளே உறைந்து கிடக்க, எஞ்சின் கொதிக்கும். கடுங்குளிர் நாளில், கிளம்பிச் சில நிமிடங்களிலேயே கொதித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஐயப்படுவது இதைத்தான்.

மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்வது தெர்மோஸ்டாட்டின் இயல்பான பழுது. பருவம் தொடங்குமுன் அதைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியை அருகில் வைத்து, எத்தனை பாகையில் திறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மின்விசிறி, உயர் அழுத்த மூடி, பெரிய ரேடியேட்டர்

இவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். மின்விசிறி காற்றை இழுக்கும் கருவி; முன்னால் பனி ஓடு கட்டியிருந்தால் இழுக்கக் காற்றே இல்லை. நனைந்த இறக்கைகள் நிறுத்தத்தின்போது உறைந்து சிக்கிக்கொண்டால், சுழல முயலும் மோட்டாரோ ஃபியூஸோ கருகிப்போகும். வசந்தகாலத்தில் மெதுவாக ஓட்டுபவருக்கு அது பயன்படலாம். ஆழ்பனிக்கு அது விடையல்ல.

ரேடியேட்டருக்குள் கூடுதல் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் உயர் அழுத்த மூடியின் கணக்கு சற்று வேறு. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 93 பாகையிலேயே கொதிக்கும். அங்கே 1.1 பார் (bar, அழுத்த அலகு) மூடிக்குப் பதிலாக 1.8 பார் மூடி போட்டால், கொதிநிலை மேலும் பத்துப் பாகையளவு உயரும். ஏற்றத்தின் கடைசி நிமிடங்களைக் கடக்க அது உதவும். ஆனால் அது வெப்பத்தைக் குறைப்பதில்லை, கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே அடிபட்டு நெளிந்த ரேடியேட்டரில் அந்தக் கூடுதல் அழுத்தம் பற்றவைத்த இணைப்பைப் பிளக்கக்கூடும். காப்புச் சட்டம் இல்லாத வண்டிக்கு இந்த மூடியைப் போடுவது தவறான வரிசை. பெரிய ரேடியேட்டரோ, குளிர்ச்சியை மிகுதியாக்கி, பனி அடைக்கும் பரப்பையும் பெருக்கிவிடுகிறது. பந்தய வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

யாருக்கு எது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உலர்ந்த பொடிப்பனியில் மட்டும் ஓட்டுபவருக்கு மிகைக்குளிர்ச்சிதான் முதல் எதிரி. அவர் வெப்பமானி, மாற்றுவழியுள்ள தெர்மோஸ்டாட், பக்கவாட்டுக் காப்புச் சட்டம் என்ற வரிசையில் வாங்கலாம். உலர்பனிக்கு ஒரு வலையும் சேர்த்துக்கொள்ளலாம். ரெவல்ஸ்டோக் போன்ற இடங்களில் மரக்காட்டுக்குள் ஓட்டுபவர் வெப்பமானிக்கு அடுத்தபடியாகக் காப்புச் சட்டத்தை வாங்க வேண்டும். அங்கே மரம் எஞ்சினை முந்திக்கொண்டு ரேடியேட்டரைக் கெடுத்துவிடும். ஈரப்பனி மலைகளில் ஓட்டுபவர் வலையை அறவே தவிர்த்து, கழற்றக்கூடிய உறையைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்ச்சுக்குப் பின் வெயிலில் ஓட்டும் எவரும் உறையை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.

பொருள் எதுவானாலும் ஓட்டும் முறை ஒன்று மாறாது. வெப்பமானியின் எண் 100ஐத் தாண்டினால், ஏற்றத்தின் நடுவே திராட்டிலைத் திருகிக்கொண்டே போகாமல், காற்று வீசும் மேட்டிலோ சமதளத்திலோ எஞ்சினை அணைத்து, ரேடியேட்டரின் முன்னும் பின்னும் அடைத்த பனியைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். பின்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்த காற்று வெளியேறும் வழி அதுதான். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவைக்க முயல்வது விசிறியில்லாத பைக்கில் பயன் தராது.

எல்லாம் செய்தும் ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகலாம். ஒழுகும் குழல் வெளியில் தெரிந்தால் இருபுறமும் குறடால் நசுக்கி மடித்துவிடலாம். விளிம்பில் கீறல் என்றால் இரு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி, துடைத்து உலர்த்திய அலுமினியத்தில் வீடுவரை தாங்கும். முழு ரேடியேட்டரும் போய்விட்டால், அதன் குழாய்களை ஓர் இணைப்புத் துண்டால் இணைத்து, மற்ற ஒன்றோடு மட்டும் மெதுவாகத் திரும்பலாம். பையில் அந்தத் துண்டும் இரண்டு கவ்விகளும் இருக்க வேண்டும். கூலன்ட் குறைந்துவிட்டால் பனியை உருக்கி ஊற்றலாம். ஆனால் அந்தக் கலவை நீர்த்துப்போனது. வீடு வந்ததும் அன்றிரவே அதை முழுவதும் வடித்துவிட்டு, சரிபாதிக் கலவையை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். காலைவரை விட்டுவைத்தால், கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் நல்ல ரேடியேட்டரையும் உறைந்த நீர் பிளந்துவிடும்.